தகரத்துத் துருவும் கித்தா மரப் பட்டையும்: பிளெண்டரில் முதல் டெக்ஸ்சர்

எங்கள் பழைய லயத்து வீட்டின் பின்கட்டுக் கூரையில் இன்னும் நான்கு தகரம் மிச்சம் இருக்கிறது. தோட்டம் செம்பனைக்கு மாறியபோது மற்றதையெல்லாம் பிரித்துக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த நான்கு தகரத்தையும் கணினியில் அச்சு அசலாகச் செய்து வைத்துவிட வேண்டும் என்ற ஆசையில்தான் நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். இப்போது சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமைதோறும் படிவம் நான்கு, ஐந்து பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். முதல் நாள் எல்லாப் பிள்ளைகளும் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, துரு படம் எங்க டவுன்லோட் பண்றது?"

படம் வேண்டாம். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் துருவை நாமே உண்டாக்கலாம். அது எப்படி என்பதை ஒன்றுமே தெரியாதவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

படத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

துருப்பிடித்த தகரத்தைப் புகைப்படம் எடுத்து முப்பரிமாணப் பொருளின் மேல் சுற்றி ஒட்டுவது ஒரு வழி. கிட்டே போனால் மங்கும். பெரிய கூரைக்கு அதே படத்தைத் திரும்பத் திரும்ப வைத்தால் ஒரே கறை பத்து இடத்தில் தெரியும். மூலையில் ஒட்டுப்போட்ட கோடும் தெரியும்.

இன்னொரு வழி, மேற்பரப்பைக் கணக்காகவே சொல்லிவிடுவது. "இந்தப் புள்ளியில் என்ன நிறம்?" என்று மென்பொருள் கேட்கும், நாம் கட்டிவைத்த சூத்திரம் பதில் சொல்லும். இதைத்தான் புரோசீஜரல் டெக்ஸ்சர் என்கிறார்கள். எவ்வளவு கிட்டே போனாலும் புதிதாகக் கணக்கிட்டுக் கொடுக்கும். ஓர் எண்ணை மாற்றினால் அடுத்த தகரம் தயார்.

இந்தச் சூத்திரங்களுக்கெல்லாம் அடிப்படை நாய்ஸ், அதாவது ஒழுங்காகச் சிதறிய எண்கள். 1982-இல் வந்த டிரான் படத்தில் வேலை செய்த கென் பெர்லின், கணினிப் படங்கள் எல்லாம் இயந்திரத்தனமாக இருக்கின்றனவே என்ற மனக்குறையில் இதை 1983 வாக்கில் உருவாக்கினார். 1985-இல் கட்டுரையாக வெளியிட்டார். 1997-இல் ஆஸ்கார் அகாடமி அவருக்குத் தொழில்நுட்ப விருது கொடுத்தது. நாம் இன்று பிளெண்டரில் போடும் நாய்ஸ் டெக்ஸ்சரும் அந்தப் பெர்லின் நாய்ஸ்தான். இன்னொன்று வோரோனாய். பரப்பைச் செல் செல்லாகப் பிரிக்கும். இந்த வகையை 1996-இல் ஸ்டீவன் வொர்லி டெக்ஸ்சருக்குக் கொண்டுவந்தார். வெடித்த களிமண், முதலைத் தோல், கல் பாவிய தரை எல்லாம் அதிலிருந்து வரும். தொடங்குபவருக்கு இந்த இரண்டும் போதும். பாக்கி எல்லாம் இவற்றைக் கூட்டிப் பெருக்குவதுதான்.

எந்த மென்பொருள்?

பிளெண்டர். இலவசம், 2002 முதல் திறந்த மூலம். விண்டோஸுக்கு ஸிப் வடிவிலும் கிடைக்கிறது. அதை விரித்துப் பென்டிரைவில் வைத்துக்கொண்டால் நிறுவாமலே ஓடும். வீட்டில் இணையம் சரியில்லாத பிள்ளைகளுக்கு நான் அப்படித்தான் கொடுத்தனுப்புகிறேன். 8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினி இருந்தால் கற்றுக்கொள்ளலாம்.

பெரிய கணினி விளையாட்டு நிறுவனங்களில் அடோபியின் சப்ஸ்டன்ஸ் 3டி டிசைனரைப் பயன்படுத்துகிறார்கள். அருமையான கருவி, ஆனால் மாதச் சந்தா. முதல் வருடத்தில் அந்த வெள்ளியைச் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. மெட்டீரியல் மேக்கர் என்று இலவசமான ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு பலகையை அறுத்துப் பாருங்கள்

பிளெண்டரைத் திறந்தால் நடுவில் ஒரு கனசதுரம் இருக்கும். அதை அழிக்க வேண்டாம். மேலே உள்ள ஷேடிங் தாவலுக்குப் போங்கள். கீழ்ப்பாதியில் பிரின்சிபில்ட் பிஎஸ்டிஎஃப் என்று ஒரு நீளப் பெட்டி தெரியும். நிறம் (பேஸ் கலர்), உலோகத்தன்மை (மெட்டாலிக்), சொரசொரப்பு (ரஃப்னஸ்) எல்லாம் போய்ச் சேரும் இடம் அது. இந்தப் பெட்டிகளுக்கு நோடு என்று பெயர்.

எடிட், பிரிஃபரன்சஸ், ஆட்-ஆன்ஸ் பகுதியில் நோடு ராங்க்ளர் என்பதை இயக்கிவிடுங்கள். பாதி வேலையை அது மிச்சப்படுத்தும்.

இப்போது ஷிஃப்ட், ஏ அழுத்தி வேவ் டெக்ஸ்சரைச் சேருங்கள். அதைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல், டி (T) அழுத்தினால் டெக்ஸ்சர் கோஆர்டினேட், மேப்பிங் என்று இரண்டு நோடுகள் தானே வந்து இணையும். கோஆர்டினேட்டில் ஆப்ஜெக்ட் என்ற புள்ளியிலிருந்து கம்பியை இழுத்து மேப்பிங்கில் செருகுங்கள். வேவில் பேண்ட்ஸ் என்பதை ரிங்ஸ் என்று மாற்றி, டிஸ்டார்ஷனை 2 அல்லது 3 வையுங்கள். வேவின் கலரை ஒரு கலர் ரேம்ப் வழியாக பேஸ் கலருக்குக் கொண்டுபோங்கள். ரேம்பில் ஒரு முனை வெளிர் மஞ்சள், மறுமுனை பழுப்பு.

கனசதுரத்தின் ஆறு பக்கமும் மர வளையம் ஓடும். இனி முக்கியமான இடம். டேப் அழுத்தித் திருத்தும் நிலைக்குப் போய், ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து உள்ளே தள்ளுங்கள். வளையம் அறுந்து போகாது. வெட்டிய முகத்திலும் சரியான இடத்தில் தொடரும், ஆசாரி பலகையை இழைத்தால் உள்ளே ரேகை தொடர்வது போல. இந்த டெக்ஸ்சர் மேலே பூசியது அல்ல, கட்டை முழுவதும் நிறைந்திருக்கிறது. முப்பரிமாண டெக்ஸ்சர் என்று சொல்வதன் பொருள் இதுதான். என் வகுப்பில் இந்த ஒரு நிமிடத்தில்தான் பிள்ளைகளின் முகம் மாறும்.

(நம் கித்தா மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், வளையம் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. சாமான் இறக்கிப் போடும் பைன் பலகையைப் பார்த்துச் செய்தால் சரியாக வரும்.)

ஒரு தவறு எல்லாருக்கும் வரும். கனசதுரத்தை எஸ் அழுத்தி நீட்டிப் பலகையாக்குவீர்கள். வளையமும் சேர்ந்து நீண்டு அசிங்கமாகிவிடும். அப்போது கண்ட்ரோல், ஏ அழுத்தி ஸ்கேல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சரியாகிவிடும்.

இனி தகரம்

புதிய கோப்பில் இரண்டு மீட்டர் பிளேன் ஒன்றைச் சேருங்கள். மெட்டீரியல் புதிதாகப் போட்டு வேவ் டெக்ஸ்சரை எடுங்கள். பேண்ட்ஸ், திசை எக்ஸ், வடிவம் சைன். கோஆர்டினேட் வழக்கம்போல ஆப்ஜெக்ட்.

ஸ்கேல் எவ்வளவு? பலர் கண்ணால் பார்த்து ஏதோ ஓர் எண்ணைப் போடுவார்கள். நான் அளந்து போடச் சொல்வேன். நெளித் தகரத்தில் ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் இடையே ஏறக்குறைய மூன்று அங்குலம், அதாவது 76 மில்லிமீட்டர். பிளெண்டரின் வேவ், ஸ்கேல் 1 இருக்கும்போது ஓர் அலைக்குச் சுமார் 31 சென்டிமீட்டர் எடுத்துக்கொள்ளும். ஆகவே 4 வைத்தால் கிட்டத்தட்ட 78 மில்லிமீட்டர் வரும். இரண்டு மீட்டர் தகட்டில் 25 மேடு. வீட்டுத் தகரத்தில் மேட்டின் இடைவெளியை அளந்து பாருங்கள், ஒத்துப்போகும்.

வேவின் முடிவை பம்ப் நோட்டின் (மேடு பள்ளம் இருப்பதுபோல் காட்டும் நோடு) ஹைட்டில் கொடுத்து, பம்ப்பை பிரின்சிபில்டின் நார்மலில் செருகுங்கள். பம்ப்பின் டிஸ்டன்ஸ் 0.02, ஏனென்றால் தகரத்தின் ஆழமும் இரண்டு சென்டிமீட்டருக்குப் பக்கத்தில்தான். மெட்டாலிக் 1, ரஃப்னஸ் 0.35, நிறம் நடுத்தரச் சாம்பல். புதுத் தகரம் தயார். கடையிலிருந்து வந்த அன்று அதில் பூப்பூவாகத் துத்தநாகப் படிகம் மின்னுமே, அது வேண்டுமானால் ஒரு வோரோனாயை ஸ்கேல் 60 வைத்து ரஃப்னஸில் மெல்லக் கலந்துவிடுங்கள்.

இப்போது துரு. அவசரப்படாதீர்கள். முதலில் வெளியே போய் ஒரு பழைய தகரத்தைப் பாருங்கள்.

எங்கள் வீட்டுத் தகரத்தை நான் ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். மேட்டில் துரு கம்மி. மழைத்தண்ணீர் ஓடும் பள்ளத்தில் நீளமாகக் கோடு போட்டிருக்கிறது. கீழ் விளிம்பில் தண்ணீர் சொட்டி நிற்கும் இடம் முழுக்க அரித்து, ஓரம் பல் பல்லாகிவிட்டது. ஆணி அடித்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு வட்டம், அந்த வட்டத்திலிருந்து கீழே வழிந்த கறை. நிறமும் ஒன்றல்ல. பழைய துரு, துப்பிக் காய்ந்த வெற்றிலைச் சாறு போலக் கறுத்திருக்கிறது. புதுத் துரு ஆரஞ்சு. இந்த நான்கையும் பார்த்த பிறகுதான் நோடு போட உட்கார வேண்டும். தண்ணீர் எங்கே நின்றது என்பதுதான் துருவின் கணக்கு முழுவதும்.

ஒரு நாய்ஸ் டெக்ஸ்சர் சேருங்கள். ஸ்கேல் 3, டீடெயில் 8, ரஃப்னஸ் 0.6. இதன் பக்கத்தில் இன்னொரு நாய்ஸ். அதற்குத் தனி மேப்பிங் வைத்து ஸ்கேலை எக்ஸில் 12, ஒய்யில் 0.6 ஆக்குங்கள். இது நீள நீளமாக வழிந்த கறையைத் தரும். இரண்டையும் ஒரு மிக்ஸ் நோட்டில் பாதிப் பாதியாகக் கலக்குங்கள்.

அப்புறம் பள்ளம். வேவின் மதிப்பு மேட்டில் 1, பள்ளத்தில் 0. ஒரு மாத் நோடு எடுத்து 1-இலிருந்து வேவைக் கழித்தால் பள்ளம் 1 ஆகிவிடும். அதை 0.1 ஆல் பெருக்கி நாய்ஸோடு கூட்டுங்கள். மேடு பள்ளத்துக்குப் போட்ட அதே வேவ் இங்கே துருவுக்கும் உதவுகிறது பாருங்கள். ஒன்று மாறினால் மற்றதும் கூடவே மாறும்.

கீழ் விளிம்புக்கு, ஆப்ஜெக்ட் கோஆர்டினேட்டை செப்பரேட் எக்ஸ்ஒய்இஸட் நோட்டில் கொடுத்து ஒய்யை மட்டும் எடுங்கள். அதை மேப் ரேஞ்சில் செருகி, உள்ளே வருவது -1 முதல் 1, வெளியே போவது 0.2 முதல் 0 என்று வையுங்கள். இதையும் கூட்டலில் சேருங்கள்.

இந்த மொத்தத்தை ஒரு கலர் ரேம்புக்கு அனுப்பி, கறுப்பை 0.55-க்கும் வெள்ளையை 0.65-க்கும் நகர்த்துங்கள். வெள்ளையாகத் தெரிவதெல்லாம் துரு. கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு ரேம்பைக் கிளிக் செய்தால் அது மட்டும் பொருளின் மேல் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். ஒவ்வொரு படியிலும் இப்படிப் பார்த்துக்கொள்ளுங்கள். இருபது நோடு போட்டுவிட்டு எங்கே தப்பு என்று தேடுவது பெரிய பாடு.

இந்த ரேம்பை மாஸ்க் என்று சொல்வோம். மூன்று இடத்துக்கு அது போக வேண்டும். ஒரு மிக்ஸ் கலரின் ஃபேக்டருக்கு: ஒரு பக்கம் சாம்பல், மறுபக்கம் துரு நிறம் (துரு நிறத்தையும் இன்னொரு சின்ன நாய்ஸால் கறுப்புப் பழுப்பிலிருந்து ஆரஞ்சு வரை மாற்றுங்கள்). ரஃப்னஸுக்கு: தகரம் 0.35, துரு 0.9. மெட்டாலிக்குக்குத் தலைகீழாக, ஏனென்றால் துரு உலோகம் அல்ல. புதியவர்கள் மறந்துவிடுவது இந்த மூன்றாவதைத்தான். மறந்தால் துரு பித்தளை மாதிரி பளபளக்கும்.

ஆணிக்கு வோரோனாய். ரேண்டம்னஸை 0 ஆக்கினால் புள்ளிகள் வரிசையாக நிற்கும். ஸ்கேல் 2 என்றால் அரை மீட்டருக்கு ஒன்று. அதன் டிஸ்டன்ஸ் மிகக் குறைவாக உள்ள இடமே ஆணித் தலை. ஆணியை மேட்டில்தான் அடிப்பார்கள், பள்ளத்தில் அடித்தால் வீடு ஒழுகும். மேட்டோடு பொருத்தி வைப்பதை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பயிற்சிக் காணொளிகளில் மஸ்கிரேவ் டெக்ஸ்சர் என்று ஒரு நோடு வரும். உங்களிடம் அதைத் தேடினால் கிடைக்காது. பிளெண்டர் 4.1 முதல் அதை நாய்ஸ் டெக்ஸ்சருக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள், டைப் என்ற இடத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

கித்தா மரம்

எங்கள் பக்கத்து ஊரான கோலகங்சாரில் 1877-இல் நட்ட கித்தா மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. ஆனால் எங்கள் தோட்டத்தில் காட்டுவதற்கு ஒரு மரம் இல்லை. பால் பிடிக்கும் மங்கு கட்டிய மரத்தை என் வகுப்புப் பிள்ளைகளில் பலர் நேரில் பார்த்ததே இல்லை. அதனால்தான் இரண்டாவது பாடமாக இதை வைத்திருக்கிறேன்.

மரத்தின் சுற்றளவு 50 சென்டிமீட்டர் ஆனதும் பால் எடுக்கத் தொடங்குவார்கள். ஆகவே சிலிண்டரின் ஆரம் 0.08, உயரம் 2. பட்டைக்கு, உயரவாக்கில் நீட்டிய நாய்ஸ் போதும். வெளிர் சாம்பல் திட்டுகளுக்கு இன்னொரு நாய்ஸும் ரேம்பும் போடுங்கள், பாசி படிந்த மாதிரி இருக்கும். இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சீவிய இடம்தான் பாடம்.

வெட்டு சாய்வாகப் போகும், சுமார் 30 பாகை. சீவச் சீவ அது கீழே இறங்கும். ஆகவே வெட்டுக்கு மேலே சீவி ஆறிய வழுவழுப்புப் பட்டை, கீழே தொடாத பட்டை. மரத்தின் பாதிச் சுற்றுக்கு மட்டும். இதைக் கணக்காக்குவது சுலபம்: செப்பரேட் எக்ஸ்ஒய்இஸட்டில் எக்ஸை 0.58 ஆல் பெருக்கி இஸட்டோடு கூட்டுங்கள். 0.58 என்பது 30 பாகைச் சாய்வு. கிரேட்டர் தான் என்ற மாத் நோட்டில் 0.1 வைத்தால், அதற்கு மேல் உள்ள எல்லாம் சீவிய பகுதி. முன்பக்கம் மட்டும் வேண்டும் என்பதற்கு, ஒய் 0-க்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று இன்னொரு மாஸ்கால் பெருக்குங்கள். நம்பேடில் 1 அழுத்தி முன்பக்கமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் முதல் தடவை செய்தபோது கூட்டலுக்குப் பதில் கழித்தல் போட்டிருந்தேன். திரையில் எனக்கு நன்றாகத்தான் தெரிந்தது. அப்பா முப்பது வருடத்துக்கு மேல் மரம் சீவியவர். பின்னால் வந்து நின்று பார்த்தார். "யாரும்மா இப்படி வெட்டினது? இடப்பக்கம் மேல, வலப்பக்கம் கீழ வரணும். இப்படி வெட்டினா பால் கம்மியா வரும்" என்றார். தேடிப் பார்த்தேன். பட்டைக்குள் பால் குழாய்கள் நேர் செங்குத்தாக இல்லாமல் கொஞ்சம் சாய்ந்து ஓடுகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டுதான் அதிகக் குழாய்களை அறுக்கும். கழித்தலைக் கூட்டலாக மாற்றிக் காட்டினேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மங்கு எங்கே மாட்ட வேண்டும், பால் வடியும் தகட்டை எவ்வளவு கீழே அடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் திரையைக் கட்டாயம் காட்டுங்கள். எந்தக் காணொளியிலும் கிடைக்காத விவரம் அவர்களிடம் இருக்கிறது.

விளையாட்டு எஞ்சினுக்குக் கொண்டுபோக

பிளெண்டரின் நோடுகள் கோடோவுக்கோ யூனிட்டிக்கோ அப்படியே போகாது. படமாகச் சுட்டெடுக்க வேண்டும், இதற்கு பேக் என்று பெயர். ரெண்டர் எஞ்சினை, அதாவது படத்தைக் கணக்கிட்டு வரையும் பகுதியை, சைக்கிள்ஸுக்கு மாற்றுங்கள், ஈவி என்ற இன்னொன்றில் பேக் இல்லை. மெட்டீரியலில் ஓர் இமேஜ் டெக்ஸ்சர் நோட்டைச் சேர்த்து, 2048-க்கு 2048 அளவில் புதுப் படம் உருவாக்கி, எதோடும் இணைக்காமல் அதைத் தேர்ந்தெடுத்த நிலையில் வையுங்கள். பிளேன், சிலிண்டர் போன்ற அடிப்படை வடிவங்களுக்கு யூவி, அதாவது மேற்பரப்பைத் தட்டையாக விரித்த வரைபடம், ஏற்கெனவே இருக்கும். நீங்களே வடிவமைத்த பொருளுக்கு அதை அன்ராப் செய்து உண்டாக்க வேண்டும்.

தகரத்தில் ஒரு சிக்கல். நிறத்தை எடுக்க டிஃப்யூஸ் என்று பேக் செய்தால் உலோகப் பகுதியெல்லாம் கறுப்பாக வரும், ஏனென்றால் உலோகத்துக்கு டிஃப்யூஸ் நிறமே இல்லை. அதற்கு, மிக்ஸ் கலரின் முடிவை நேரே மெட்டீரியல் அவுட்புட்டில் செருகி, எமிட் என்ற வகையில் பேக் செய்யுங்கள். மெட்டாலிக் மாஸ்க்கையும் இதே மாதிரி எடுக்கலாம். பிறகு பிரின்சிபில்டை மறுபடி இணைத்து ரஃப்னஸும் நார்மலும் தனித்தனிப் படமாக எடுங்கள். நிறம் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கலர் ஸ்பேஸ் நான்-கலர் என்று இருக்க வேண்டும். அன்ரியல் எஞ்சினுக்கு என்றால் நார்மல் படத்தின் பச்சைச் சேனலைத் தலைகீழாக்க வேண்டும். கோடோவுக்கும் யூனிட்டிக்கும் அப்படியே போகும்.

சுட்ட படத்தை உடனே தனியாகச் சேமியுங்கள். பிளெண்டர் கோப்பைச் சேமித்தால் மட்டும் போதாது. ஒரு முழு மாலை பேக் செய்த மரத்தை நான் இப்படித்தான் இழந்தேன்.

இந்த முறையில் வரும் படத்தின் ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. நீளமான சுவர், செம்மண் சாலை போன்றவற்றுக்கு ஓரம் தெரியாமல் தொடரும் படம் வேண்டும். அதற்குத்தான் மெட்டீரியல் மேக்கர். கோடோ எஞ்சினின் மேல் கட்டிய சின்ன மென்பொருள், இலவசம். அதன் நாய்ஸும் வோரோனாயும் ஓரம் பொருந்தும்படியே பிறக்கின்றன, கோடோ, யூனிட்டி, அன்ரியல் மூன்றுக்கும் நேராக ஏற்றுமதி ஆகிறது. பிளெண்டரில் ஒரு மாதம் பழகியிருந்தால் அங்கே எதுவும் புதிதாகத் தோன்றாது.

வேலை முடிந்ததும் தகரத்தின் நோடுகளையெல்லாம் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல், ஜி அழுத்தி ஒரே குழுவாக்குங்கள். துருவின் அளவு, மேட்டின் இடைவெளி இரண்டை மட்டும் வெளியே தெரியும்படி வையுங்கள். அடுத்து ஆயாக் கொட்டகைக்கோ கோயில் மடப்பள்ளிக்கோ கூரை போடும்போது அந்த இரண்டு எண்ணை மாற்றினால் போதும்.